அச்சுக்கூடமே பள்ளிக்கூடம்

தொழில் கற்பது என்பது கருவிகளைக் கையாளக் கற்பது மட்டுமன்று. குறித்த நேரத்தில் பணிக்கு வருதல், ஏற்றுக்கொண்ட வேலையைச் செவ்வனே முடித்தல், பணியிடத்தின் மறைகளைக் காத்தல், உடன் உழைப்போருடன் இணங்கி வாழ்தல், தவறு நேர்ந்தால் அதனைத் தாமே உணர்ந்து திருத்துதல் ஆகியவையும் தொழிலின் பகுதிகளே. இவற்றை நூல்களில் படித்தறிதல் அரிது. பணியிடத்தில் பழகியே அறிதல் வேண்டும். அவ்வாறு ஒரு செய்தித்தாள் அச்சுக்கூடத்தில் சிறுவராய் நுழைந்து, அதனையே தம் பள்ளிக்கூடமாகக் கொண்டு உயர்ந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். இடிதாங்கியைக் கண்ட அறிவியலறிஞர் என்றும், 1776-இல் அமெரிக்க விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்ட அரசியலறிஞர் என்றும் உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால், அவர் தம்மை இறுதிவரை ஓர் அச்சுத் தொழிலாளராகவே எண்ணினார். அத்தொழிலை அவர் பயின்ற வரலாறு, வெற்றிகளோடு பிழைகளும் கலந்ததாகும்.

இளமை

வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் உள்ள பாஸ்டன் நகரில், 1706-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17-ஆம் நாள் பிராங்கிளின் பிறந்தார். அக்காலத்தில் அந்நாடு ஆங்கில அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் ஜோசையா, இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். விலங்குக் கொழுப்பைக் காய்ச்சி மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றுப் பிழைத்தார். அவருக்கு மக்கள் பதினேழு பேர். ஆண்மக்களில் கடைசியானவர் பெஞ்சமின். இத்தனை பேரைக் காக்க வேண்டிய தந்தையாரால் மகனை நெடுங்காலம் பள்ளியில் வைத்திருக்க இயலவில்லை. எட்டாம் வயதில் தொடங்கிய பள்ளிப் படிப்பு, பத்தாம் வயதில் முடிவுற்றது. சிறுவர் தந்தையாரின் கடையில் திரி நறுக்கவும், அச்சுக்களில் கொழுப்பை ஊற்றவும், ஏவிய இடங்களுக்கு ஓடவும் வேண்டியவரானார்.

இத்தொழிலை அவர் மனம் விரும்பவில்லை. கடலிற் செல்லும் கப்பல்களையே அவர் கண்கள் நாடின. மகன் வீட்டை விட்டுக் கடலோடியாகிவிடுவான் என அஞ்சிய தந்தையார், அவரைத் தச்சர், கொத்தர், கன்னார் முதலியோர் வேலை செய்யும் இடங்களுக்கு அழைத்துச் சென்று காட்டினார். அவர் மனம் எதில் நாட்டங்கொள்கிறது என்பதை அறிய முயன்றார். நூல்களின்பால் சிறுவருக்கு இருந்த தணியாத வேட்கையே இறுதியில் வழிகாட்டியது. மூத்த மகன்களுள் ஒருவரான ஜேம்ஸ் 1717-இல் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி ஒன்றையும் எழுத்துக்களையும் கொணர்ந்து பாஸ்டனில் அச்சுக்கூடம் நிறுவியிருந்தார். அவரிடமே இளையவரைத் தொழில் பயில விடுவதெனத் தந்தையார் முடிவு செய்தார்.

ஒப்பந்த முறி

அக்காலத்தில் தொழில் பயிலச் சேர்வோர் முறி எழுதிக் கையொப்பமிடுதல் வழக்கம். பன்னிரண்டு வயதே நிரம்பிய பெஞ்சமினும் தமையனாரிடம் அவ்வாறு எழுதிக் கொடுத்தார். இருபத்தொரு வயது வரை அவர் அங்கேயே பணிபுரிதல் வேண்டும். உணவும் உறையுளும் தொழிற்கல்வியும் அவருக்குக் கிடைக்கும். ஆனால், கடைசி ஆண்டில் மட்டுமே கூலி உண்டு. பயிலுநர் தம் தலைவரின் சொற்படி நடக்கவும், அவர் மறைகளை வெளியிடாதிருக்கவும் கடமைப்பட்டவர். தலைவருக்கோ பயிலுநரை அடித்துத் திருத்தும் உரிமையும் இருந்தது. தமையனார் என்னும் உறவு, பணியிடத்தில் தலைவர் என்னும் உறவாக மாறியது. இம்மாற்றமே பின்னர் விளைந்த துன்பத்திற்கு வித்தாயிற்று.

அச்சுக்கூடப் பணி எளிதன்று. ஈயங்கலந்த சிறு சிறு எழுத்துக்கள் பல அறைகள் கொண்ட பெட்டியில் வகைவகையாகக் கிடக்கும். எழுத்துக் கோப்பவர், கையில் ஒரு சிறு சட்டத்தை ஏந்தி, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வரிசையாக அடுக்குதல் வேண்டும். அவ்வெழுத்துக்கள் கண்ணாடியில் தோன்றும் உருவம் போல் இடவலம் மாறியிருக்கும். அவற்றை அந்நிலையிலேயே பிழையறப் படிக்கப் பழகுதல் வேண்டும். கோத்த பக்கங்களை இரும்புச் சட்டத்தில் இறுக்கிப் பாரமாக்கி, தோற்பந்துகளால் மை தடவி, ஈரமாக்கிய தாளை அதன்மீது வைத்து, மரப்பொறியின் நெம்புகோலை வலிந்து இழுத்தால் ஒரு தாளின் ஒரு பக்கம் அச்சாகும். வேலை முடிந்தபின் எழுத்துக்களைக் கழுவி, அவையவை இருக்க வேண்டிய அறைகளில் மீண்டும் இடுதலும் பயிலுநரின் கடமையே. ஓர் எழுத்து இடம் மாறினும் மறுநாள் பிழை நேரும். இப்பணியினைப் பெஞ்சமின் மிக விரைவில் கற்றுத் தேர்ந்தார்.

எழுதக் கற்ற முறை

அச்சுக்கூடத்தில் சேர்ந்ததனால் அவருக்கு நூல்கள் கிடைக்கும் வழி பிறந்தது. புத்தகக் கடைகளில் தொழில் பயின்ற இளைஞர் சிலர் அவர்க்கு நண்பராயினர். மாலையில் அவர்களிடம் ஒரு நூலை இரவலாகப் பெற்று, இரவெல்லாம் விழித்துப் படித்து, மறுநாட் காலையில் கடை திறக்குமுன் கறைபடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

படித்ததோடு எழுதவும் முற்பட்டார். கலங்கரை விளக்கத்தின் காப்பாளர் ஒருவர் தம் குடும்பத்தினருடன் கடலில் மூழ்கி இறந்த செய்தியை அவர் பாட்டாக எழுதினார். தமையனார் அதனை அச்சிட்டு அவரையே தெருத்தெருவாக விற்று வரச் செய்தார். பாட்டு நன்கு விற்பனையாயிற்று. சிறுவர் உள்ளத்தில் செருக்கு எழுந்தது. தந்தையாரோ அப்பாட்டின் குறைகளை எடுத்துக்காட்டி எள்ளி நகையாடினார். ஒரு நண்பருடன் கடித வாயிலாகச் சொற்போர் நிகழ்த்தியபோதும், எழுத்துப் பிழையின்மையில் பெஞ்சமின் சிறந்திருப்பினும் நடையழகிலும் தெளிவிலும் பின்தங்கியிருப்பதைத் தந்தையார் சுட்டினார். பெஞ்சமின் அதற்காக வருந்தி ஒதுங்கவில்லை. குறையை ஏற்றுக்கொண்டு அதனைப் போக்கும் வழியைத் தேடினார்.

இலண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ என்னும் இதழின் தொகுதி ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. அதிலுள்ள கட்டுரைகளின் கருத்துக்களைச் சிறு குறிப்புக்களாக எழுதிக்கொள்வார். சில நாட்கள் கழித்து, நூலைப் பாராமல் அக்குறிப்புக்களைக் கொண்டே கட்டுரையைத் தம் சொற்களால் எழுதுவார். பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைக் கண்டு திருத்துவார். சில வேளைகளில் குறிப்புக்களை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, அவற்றை முறைப்படுத்தி அடுக்கவும் பழகுவார். இவ்வாறு ஆசிரியர் எவருமின்றியே நடையும் ஒழுங்கும் அவர் வயமாயின.

இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது? பதினாறு வயதளவில் அவர் புலால் உண்பதை விட்டார். தம் உணவுக்காகத் தமையனார் செலவிடும் தொகையில் பாதியைத் தம்மிடமே தந்தால் தாமே உணவைப் பார்த்துக்கொள்வதாகக் கூறினார். தமையனாரும் உடனே இசைந்தார். அப்பாதியிலும் ஒரு பாதியை மிச்சப்படுத்தி நூல்கள் வாங்கினார். மற்றவர்கள் உண்ணச் சென்றபோது, ஒரு ரொட்டித் துண்டும் ஒரு பிடி உலர்ந்த திராட்சையும் ஒரு குவளை நீரும் கொண்டு பசியாறி, எஞ்சிய நேரத்தில் படித்தார்.

செய்தித்தாளும் அம்மை நோயும்

1721-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜேம்ஸ், ‘நியூ இங்கிலாந்து கூரண்ட்’ என்னும் செய்தித்தாளைத் தொடங்கினார். எழுத்துக் கோப்பதும், அச்சிடுவதும், அச்சான தாள்களை வீடுதோறும் கொண்டு சேர்ப்பதும் பெஞ்சமினின் வேலையாயின.

அவ்வாண்டில் பாஸ்டன் நகரைப் பெரியம்மை வாட்டியது. ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த அந்நகரில் 844 பேர் மாண்டனர். அம்மை கண்டவரின் கொப்புளத்து நீரை நலமுடையார் தோலைக் கீறி ஏற்றினால், நோய் எளிதாக வந்து நீங்கும் என்னும் முறை அப்போதுதான் அங்கு அறிமுகமாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொணரப்பட்ட ஒனிசிமஸ் என்பவரிடம் அம்முறையைக் கேட்டறிந்த காட்டன் மேதர் என்னும் சமயகுரு அதனைப் பரப்பினார். சாப்டியல் பாயில்ஸ்டன் என்னும் மருத்துவர் 240-க்கு மேற்பட்டோருக்கு அதனைச் செய்தார். அவர்களுள் இறந்தவர் அறுவரே. ஆயினும், மக்கள் அஞ்சிச் சினந்தனர். ஜேம்ஸின் செய்தித்தாளும் அம்முறையைக் கடுமையாக எதிர்த்து எழுதியது. அத்தாள்களைக் கோத்து அச்சிட்டு வீடுகளில் சேர்த்தவர் பதினைந்து வயதுப் பெஞ்சமின். அச்சாகும் சொல்லுக்கு உயிரைக் காக்கவும் போக்கவும் வலிமை உண்டு என்பதை அவர் முழுதும் உணர இன்னும் பதினைந்து ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

மறைந்து எழுதிய எழுத்து

தமையனாரின் நண்பர்கள் சிலர் அச்சுக்கூடத்தில் கூடித் தம் கட்டுரைகளைப் பற்றி உரையாடுவது வழக்கம். எழுத்துக் கோத்துக்கொண்டே அவற்றைக் கேட்ட பெஞ்சமினுக்குத் தாமும் எழுதவேண்டும் என்னும் அவா மிகுந்தது. சிறுவன் எழுதியது என்றறிந்தால் தமையனார் வெளியிடார் என அவர் அறிந்திருந்தார். ஆகவே, கையெழுத்தை மாற்றி, கைம்பெண் ஒருத்தி எழுதுவதுபோல் ‘சைலன்ஸ் டூகுட்’ என்னும் புனைபெயரில் ஒரு கடிதம் எழுதி, இரவில் அச்சுக்கூடத்தின் கதவுக்கடியில் செருகிவைத்தார். மறுநாள் அதனை எடுத்துப் படித்தோர் பாராட்டினர். எழுதியவர் யாவர் எனக் கற்றறிந்தோர் பெயர்களையே சொல்லி ஊகித்தனர். அருகிலேயே நின்ற சிறுவரின் உள்ளம் எவ்வளவு களித்திருக்கும்! 1722 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இத்தகைய கடிதங்கள் பதினான்கு வெளிவந்தன.

பின்னர் உண்மை வெளிப்பட்டது. நண்பர்கள் அவரை மதிக்கலாயினர். தமையனாரோ மகிழவில்லை, இளையவர் செருக்குறுவார் என்று எண்ணினார். இருவரிடையே அடிக்கடி பூசல் விளைந்தது. தந்தையார் பெரும்பாலும் இளையவர் சார்பாகவே தீர்ப்பளித்தார். ஆயினும், தமையனார் சினங்கொண்டு அடிப்பது நிற்கவில்லை.

மறை காத்தல்

1722 ஜூன் திங்களில், கடற்கொள்ளையரைப் பிடிக்க அரசினர் காலந்தாழ்த்துவதாகக் குத்திக்காட்டிய ஒரு குறிப்பு அச்செய்தித்தாளில் வெளிவந்தது. ஆள்வோர் சினந்து ஜேம்ஸைச் சிறையிலிட்டனர். பெஞ்சமினையும் அழைத்து, அக்குறிப்பை எழுதியவர் யாவர் என வினவினர். அவர் விடை கூறவில்லை. தலைவரின் மறையைக் காத்தல் பயிலுநரின் கடமை என்பதைக் கருதியோ என்னவோ, ஆள்வோர் அவரைக் கடிந்து கூறி விடுத்தனர். தம்மை அடித்த தமையனாரின் மறையையே பதினாறு வயதுச் சிறுவர் காத்தார். ஏறத்தாழ ஒரு திங்கள் ஜேம்ஸ் சிறையிலிருந்தபோது, செய்தித்தாளைத் தடையின்றி நடத்தியவரும் அவரே.

1723-இன் தொடக்கத்தில், ஜேம்ஸ் அச்செய்தித்தாளை அரசின் முன்னிசைவின்றி அச்சிடலாகாது என ஆணை பிறந்தது. எனவே, பெஞ்சமினின் பெயரால் அதனை வெளியிட முடிவு செய்தனர். பயிலுநர் பெயரால் வெளியிடுவதாகக் குற்றஞ்சாட்டப்படாதிருக்க, பழைய முறியில் விடுதலை எழுதிக் கொடுக்கப்பட்டது. ஆனால், எஞ்சிய காலத்துக்குப் புதிய முறி ஒன்று மறைவாக எழுதி வாங்கப்பட்டது. 1723 பிப்ரவரி 11 முதல் செய்தித்தாள் பெஞ்சமினின் பெயரைத் தாங்கி வந்தது.

சில திங்களில் மீண்டும் பூசல் மூண்டது. மறைவான முறியைத் தமையனார் வெளியே காட்ட இயலாது என்பதை அறிந்த பெஞ்சமின், தாம் விடுதலை பெற்றவர் எனக் கூறி வேலையை விட்டு நீங்கினார். அடி பொறாமையால் அவ்வாறு செய்தாரேனும், நம்பிக்கையால் எழுதப்பட்ட முறியின் வலுவின்மையைத் தமக்கு ஆதாயமாக்கிக்கொண்டது முறையன்று. பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தம் வாழ்வின் முதற்பிழைகளுள் ஒன்றாக இதனை அவரே குறித்தார். அச்சுப்பிழையைக் குறிக்கும் சொல்லையே அதற்கு அவர் ஆண்டார்.

புதிய ஊரில்

தமையனாரின் சொல்லால் பாஸ்டனின் வேறெந்த அச்சுக்கூடத்திலும் அவருக்கு வேலை கிட்டவில்லை. நூல்கள் சிலவற்றை விற்று, அப்பொருள் கொண்டு மறைவாகக் கப்பலேறினார். நியூயார்க்கிலும் வேலை இல்லை. 1723 அக்டோபரில், பயணத்தால் அழுக்கேறிய உடையோடும் பசியோடும் பிலடெல்பியா நகரை அடைந்தார். கையிலிருந்தவை ஒரு டச்சு வெள்ளி நாணயமும் ஏறத்தாழ ஒரு ஷில்லிங் பெறுமான செம்புக் காசுகளுமே. அவர் தாமும் துடுப்பு வலித்தமையால் படகினர் கூலி பெற மறுத்தனர். ஆயினும், செம்புக் காசுகளை வற்புறுத்திக் கொடுத்தார். மூன்று ரொட்டிகள் வாங்கி, ஒன்றை உண்டு, மற்றிரண்டையும் உடன் வந்த ஒரு பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் அளித்தார்.

அந்நகரில் கைமர் என்பவரின் அச்சுக்கூடத்தில் பழுதுற்ற ஒரு பொறியும் தேய்ந்த எழுத்துக்களுமே இருந்தன. பெஞ்சமின் அப்பொறியைச் செப்பனிட்டுக் கொடுத்து அங்கு வேலை பெற்றார். தொழிலை முற்றக் கற்றிருந்தமையால், அறிமுகமற்ற ஊரிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

இலண்டன் கற்பித்த பாடம்

ஆளுநர் ஒருவர் தந்த பொய்யான உறுதிமொழியை நம்பி, அச்சுப்பொறி வாங்குவதற்காக 1724-இன் இறுதியில் அவர் இலண்டன் சென்றார். வாக்களித்தபடி உதவி வரவில்லை. மனந்தளராமல் அங்குள்ள அச்சுக்கூடங்களில் வேலைக்கு அமர்ந்தார். அவற்றுள் வாட்சு என்பவரின் அச்சுக்கூடம் பெரிது; ஏறத்தாழ ஐம்பதின்மர் அங்குப் பணிபுரிந்தனர். அவர்கள் வலிமைக்கென ஓயாது பீர் என்னும் மதுவைக் குடித்தனர். பெஞ்சமினோ நீரையே பருகினார். மற்றவர்கள் இரு கைகளாலும் ஒரு பாரத்தைத் தூக்கிச் செல்லும் படிகளில், அவர் கைக்கொன்றாக இரண்டு பாரங்களைத் தூக்கி ஏறினார். அதனைக் கண்டோர் வியந்தனர்.

அங்கே அவர் வேறொரு பாடமும் கற்றார். புதிதாக வருவோர், உடன் உழைப்போர் குடிப்பதற்கென ஐந்து ஷில்லிங் அளித்தல் அங்குள்ள வழக்கம். பொறி இழுக்கும் பகுதியில் அவர் அதனை முன்னரே அளித்திருந்தார். எழுத்துக் கோக்கும் பகுதிக்கு மாறியபோது மீண்டும் கேட்டனர். இது முறையன்று என அவர் மறுத்தார். தலைவரும் கொடுக்கவேண்டா என்றார். ஆனால், அவர் சிறிது வெளியே சென்றாலும் அவர் எழுத்துக்கள் கலந்து கிடக்கும். கோத்த பக்கங்கள் இடம் மாறியிருக்கும். கட்டிய வரிகள் சிதறிக் கிடக்கும். யாரைக் கேட்டாலும் அச்சுக்கூடத்துப் பேயின் வேலை என்றனர். இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்தபின் அவர் பணத்தைக் கொடுத்துவிட்டார். நாள்தோறும் உடன் வாழவேண்டியவர்களுடன் பகைத்து நிற்பது அறிவுடைமையன்று என அவர் தெளிந்தார். பின்னர் அவர்தம் அன்பைப் பெற்று, அங்குள்ள விதிகள் சிலவற்றை மாற்றவும் செய்தார். பலரைக் காலையில் மதுவை விட்டுச் சூடான கஞ்சி உண்ணவும் பழக்கினார்.

ஞாயிறன்று குடித்துத் திங்களன்று வேலைக்கு வாராதிருத்தல் அங்கே பலர் வழக்கம். பெஞ்சமின் ஒரு திங்களும் தவறியதில்லை. அவர்தம் ஒழுங்கும் விரைவும் கண்ட தலைவர், விரைந்து முடிக்கவேண்டிய வேலைகளை அவரிடமே ஒப்படைத்தார். அவற்றுக்குக் கூலியும் மிகுதி.

தாமே தலைவரானபோது

1726-இல் பிலடெல்பியா திரும்பிய அவர், 1728-இல் நண்பர் ஒருவருடன் கூட்டாக அச்சுக்கூடம் நிறுவினார். பெரிய நூலொன்றின் பகுதியை அச்சிடும் பணி கிடைத்தது. நாளொன்றுக்கு ஒரு தாள் என அவர் திட்டமிட்டுக் கோத்தார். ஓரிரவு, வேலையெல்லாம் முடிந்தது என எண்ணிய வேளையில், இறுக்கி வைத்த பாரம் ஒன்று உடைந்து இரண்டு பக்கத்து எழுத்துக்கள் குவியலாய்ச் சிதறின. கேட்பார் எவருமில்லை, தலைவரும் அவரே. ஆயினும், அன்றிரவே எழுத்துக்களைப் பிரித்தெடுத்து, இரு பக்கங்களையும் மீண்டும் கோத்து முடித்த பின்னரே உறங்கச் சென்றார். அண்டை அயலார் இத்தகைய உழைப்பை நாள்தோறும் கண்டனர். வணிகரிடையே அவருக்கு நற்பெயரும் நம்பிக்கையும் வளர்ந்தன.

1729-இல் கைமர் நடத்திவந்த ‘பென்சில்வேனியா கெசட்’ என்னும் செய்தித்தாளை அவர் வாங்கினார். அப்போது அதனைப் பெற்றவர் தொண்ணூறு பேருக்கு மேல் இல்லை. தம் ஆசிரியப் பணிக்கு அவர் ஒரு நெறி வகுத்துக்கொண்டார். தனிப்பட்டவரைப் பழித்து எழுதியவற்றைப் பொருள் கொடுத்து வெளியிடச் சொல்வோர் பலர் வந்தனர். வேண்டுமாயின் அதனைத் தனியே அச்சிட்டுத் தருவதாகவும், அதனை அவர்களே வழங்கிக்கொள்ளலாம் என்றும், தம் செய்தித்தாளில் அது இடம்பெறாது என்றும் அவர் விடையிறுத்தார். பயனுடையதும் இன்பந்தருவதும் ஆகியவற்றைத் தருவதாகவே வாசகரோடு தாம் உடன்பட்டிருப்பதாக அவர் கருதினார்.

எனினும், அவர் குறையற்றவர் அல்லர். தாமே பணியிடத்தை விட்டு ஓடி வந்தவராயினும், ஓடிப்போன பணியாளரையும் அடிமைகளையும் தேடும் விளம்பரங்களை அச்செய்தித்தாள் வெளியிட்டது. அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். முதுமையில் அவர் மனம் மாறினார். 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1790-இல் அதன் சார்பாக நாட்டின் பேரவைக்கு விண்ணப்பமும் விடுத்தார்.

பிழை திருத்தம்

1736-இல் அவர்தம் நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையால் மாண்டான். அவனுக்கு அம்மை குத்தப்படவில்லை. அம்மை குத்தியதாலேயே குழந்தை இறந்தது என ஊரார் பேசினர். இப்பேச்சால் பிற பெற்றோர் அஞ்சிவிடுவரோ எனக் கருதிய பிராங்கிளின், ஆறாத துயரின் நடுவிலும் தம் செய்தித்தாளில் உண்மையை வெளியிட்டார். மகனுக்கு அம்மை குத்தப்படவில்லை என்றும், அம்முறை தீங்கற்றது எனத் தாம் கருதுவதாகவும் எழுதினார். இளமையில் எந்த முறையை எதிர்த்த தாள்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தாரோ, அந்த முறைக்கே தம் துயரைச் சான்றாக்கினார். அது தம் உள்ளத்தை வாழ்நாள் முழுதும் வாட்டியதாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

தமையனாருக்கு இழைத்த பிழையையும் அவர் மறந்தாரில்லை. ஜேம்ஸ் பாஸ்டனை விட்டு நியூபோர்ட்டு என்னும் ஊரில் அச்சுக்கூடம் நடத்திவந்தார். 1733-இல் பிராங்கிளின் அவரைக் காணச் சென்றார். பழைய பகை மறைந்தது. இருவரும் அன்போடு அளவளாவினர். உடல் நலிந்திருந்த ஜேம்ஸ், தம் மறைவுக்குப் பின் தம் சிறு மகனை அழைத்துச் சென்று அச்சுத்தொழில் கற்பிக்குமாறு வேண்டினார். 1735-இல் அவர் இறந்தார். பிராங்கிளின் அச்சிறுவனைச் சில ஆண்டுகள் பள்ளியில் படிக்கவைத்து, பின்னர்த் தம் அச்சுக்கூடத்தில் தொழில் பயிற்றினார். அதுகாறும் சிறுவனின் தாயார் ஆன், கணவர் விட்டுச்சென்ற அச்சுக்கூடத்தைத் தாமே நடத்தினார். பையன் வளர்ந்து திரும்பியபோது, தந்தையின் எழுத்துக்கள் தேய்ந்துபோயிருந்தமையால், பிராங்கிளின் புதிய எழுத்துக்களை அவனுக்கு அளித்தார். தம்மிடமிருந்து தமையனார் இழந்த பணிக்கு அவ்வாறு அவர் ஈடு செய்தார்.

இறுதி முறி

1790-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் வயதில் பிராங்கிளின் பிலடெல்பியாவில் காலமானார். அவர்தம் இறுதி விருப்ப முறியில், தாம் வகித்த தூதர் பதவி முதலிய உயர் பதவிகளுக்கெல்லாம் முன்பாக, அச்சுத் தொழிலாளர் என்றே தம்மைக் குறித்திருந்தார். அதன் பிற்சேர்க்கையில், தாம் பிறந்த பாஸ்டனுக்கும் தாம் வாழ்ந்த பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் பவுன் வீதம் விட்டுச்சென்றார். அத்தொகையை, தொழில் தொடங்க விரும்பும் இளந் தொழிலாளருக்குக் குறைந்த வட்டியில் கடனாகக் கொடுக்குமாறு பணித்திருந்தார்.

அக்கடனைப் பெறுவதற்கு அவர் வகுத்த தகுதிகளுள் ஒன்று சிந்திக்கத்தக்கது. கடன் பெறுவோர் அந்நகரில் முறையாகத் தொழில் பயின்று, தாம் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தின் கடமைகளை உண்மையாக நிறைவேற்றியவராக இருத்தல் வேண்டும். பதினேழாம் வயதில் தாம் நிறைவேற்றாது விட்ட கடமையை, அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் நினைவில் வைத்திருந்தார். கலைந்த எழுத்துக்களை அன்றிரவே எடுத்துக் கோத்தவர், கலைந்த கடமையையும் தம்மால் இயன்றவரை கோத்துவிட்டே சென்றார்.